தளர்ந்த முழங்காலும் ஏலமலைச் சரிவும்: பைக் ஓட்டுபவர் எந்த பிரேஸைத் தேர்வது?

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவருக்கும், தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாகவோ கங்காணியாகவோ வேலை பார்ப்பவருக்கும் பைக் அன்றாடப் பிழைப்போடு சேர்ந்தது. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைய வேண்டும். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என்று வழி பிரியும். கடைசி சில கிலோமீட்டர் தோட்டத்துக் கல் ரோடு. அதற்கும் அப்பால் செடிகளுக்கு நடுவே செல்லும் ஒற்றையடித் தடம். இதே தடங்களைத் தேடி சனி, ஞாயிறுகளில் எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போன்ற வண்டிகளில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள்.

இந்த இரு சாராருக்கும் பொதுவான தொல்லை முழங்கால். ஒருமுறை விழுந்து ஜவ்வு கிழிந்த முட்டி, வீக்கம் வடிந்து வலி அடங்கிய பிறகும் பிடிமானம் இல்லாமல் இருக்கிறது. படி இறங்கும்போது நழுவுகிறது, சட்டென்று திரும்பினால் விலகுகிறது. ஆனாலும் வண்டியை விட முடிவதில்லை. அப்போதுதான் மருந்துக் கடைக்குப் போய் ஒரு நீ கேப் வாங்கி மாட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். இணையத்தில் தேடுபவர்களோ, அரை லட்ச ரூபாய்க்கு மேல் விலை சொல்லும் வெளிநாட்டு பிரேஸ்களின் முன் திகைத்து நிற்கிறார்கள்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு நேரடியாகக் கடைப்பெயர் சொல்லிவிட முடியாது. எந்தத் தசைநார் போயிருக்கிறது, தொடைத் தசை எவ்வளவு மீண்டிருக்கிறது, எந்தத் தடத்தில் எந்த வண்டியை ஓட்டப் போகிறோம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே பிரேஸைப் பற்றிப் பேச முடியும். இந்த வரிசை மாறினால் மலிவான நீ கேப்பும் வீண், விலையுயர்ந்த கார்பன் பிரேஸும் வீண்.

சரிவில் முட்டிக்கு என்ன நேர்கிறது

போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டின் உயரம் 1,300 மீட்டருக்கும் மேல். தார் ரோட்டில் ஏறுவது முழங்காலுக்குப் பெரிய சோதனை இல்லை. சோதனை தோட்டத்துக்குள்தான் தொடங்குகிறது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் தடத்தின் மேல் மரங்கள் கவிந்திருக்கும், தரையில் சருகு மூடியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தச் சருகுக்கு அடியில் மண் சேறாகிக் கிடக்கும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களும் பெரும்பாலும் இந்த ஈரமான மாதங்கள்தான். தோட்டத்துக்கு அடிக்கடி போக வேண்டிய காலத்தில் தடம் மிக மோசமாக இருக்கிறது.

கரடுமுரடான தடத்தில் முழங்கால் காயப்படும் விதங்கள் மூன்று. முதலாவது, வண்டி சாயும்போது காலை ஊன்றுவது. பாதம் சேற்றிலோ கல்லிடுக்கிலோ மாட்டி நிற்க, வண்டியும் உடலும் முன்னே போய்விடும். தொடை எலும்பு ஒரு பக்கம், கெண்டைக்கால் எலும்பு மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். இரண்டாவது, கால் நேராக நீண்டிருக்கும்போது தரையில் மோதி முட்டி பின்பக்கமாக வளைவது. மூன்றாவது, வண்டியே காலின் மேல் விழுந்து முட்டியைப் பக்கவாட்டில் மடக்குவது.

சரிவில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் பைக்குகளில் பின் பிரேக் வலது காலுக்கு, கியர் இடது காலுக்கு. ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் வலது கால் பிரேக்கை மிதித்தபடி இருக்க, இடது காலைத்தான் ஊன்றுவோம். மலைச்சுவர் வலப்பக்கமும் பள்ளம் இடப்பக்கமும் இருக்கும் தடத்தை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கத் தரை அரை அடி தாழ்ந்திருக்கும். எட்டாத தரையை எட்டுவதற்காக இடது கால் முழுதும் நீண்டு, நுனிக்காலில் நிற்கும். அந்த நீண்ட முட்டியின் மேல்தான் எக்ஸ்பல்ஸ் என்றால் சுமார் 160 கிலோவும், ஹிமாலயன் என்றால் 200 கிலோவை ஒட்டியும் சாய்கிறது. மூட்டின் நடுவே கெண்டைக்கால் எலும்பைப் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் இல்லாத முட்டி நழுவுவதற்கு இதைவிடத் தோதான நிலை வேறில்லை. இந்த இடத்தில் வலது காலை மேட்டுப் பக்கம் ஊன்றி, முன் பிரேக்கையும் கிளட்சையும் கொண்டு வண்டியைப் பிடிக்கப் பழகியவர் பிழைத்துக்கொள்கிறார். அதே தடத்தில் திரும்பி வரும்போது பள்ளம் மறுபக்கம் வந்துவிடும். அப்போது வலது முட்டிக்குச் சோதனை. ஆகவே ஒரு முட்டிதான் கெட்டது என்றாலும் மலையில் இரண்டு முட்டிகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எது கிழிந்திருக்கிறது?

முழங்காலை நான்கு முக்கியத் தசைநார்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன. மூட்டுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் முன் சிலுவைத் தசைநாரையும் பின் சிலுவைத் தசைநாரையும் மருத்துவர்கள் ஏசிஎல், பிசிஎல் என்பார்கள். உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல். கெண்டைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது ஏசிஎல். பின்னோக்கிச் சரியாமல் காப்பது பிசிஎல். பக்கவாட்டில் மடங்காமல் காப்பவை மற்ற இரண்டும். இவை தவிர, எலும்புகளுக்கு இடையே மெத்தையாக மெனிஸ்கஸ் என்ற இரண்டு குருத்தெலும்பு வில்லைகள் உள்ளன. முன்னால் முட்டிச் சில்லு தன் பள்ளத்தில் வழுக்கி ஓடுகிறது.

நம் ஊரில் இவற்றில் எது பாதிக்கப்பட்டாலும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றே சொல்கிறோம். பிரேஸ் வாங்குகிறவர் அந்தச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. எந்த ஜவ்வு, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பிரேஸ் வேறு. எம்சிஎல் காயத்துக்கு இருபுறமும் கீல் வைத்த பிரேஸ் நன்றாக உதவும். ஏசிஎல் போயிருந்தால் கெண்டைக்கால் எலும்பை முன்னே நழுவ விடாத கெட்டிச் சட்டம் வேண்டும். பிசிஎல் போனவருக்கு விசை எதிர்த்திசையில் தேவை. ஏசிஎல் பிரேஸை மாட்டினால் பயன் இல்லை. சில்லு விலகுபவருக்குச் சில்லைப் பக்கத்திலிருந்து தாங்கும் திண்டு வைத்த பிரேஸ் இருக்கிறது. மெனிஸ்கஸ் கிழிந்து முட்டி பூட்டிக்கொள்கிறது என்றால் எந்த பிரேஸும் அதைத் திறக்காது. அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியது. தேய்மானத்தால் வலிக்கும் முட்டிக்கு, எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும் பிரேஸ் தனி வகை.

எலும்பு மருத்துவர் கையாலேயே செய்யும் லாக்மன் சோதனையில் ஏசிஎல் தளர்ச்சி பெரும்பாலும் தெரிந்துவிடும். முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கெண்டைக்காலை மறுகையால் முன்னே இழுத்துப் பார்ப்பார். எம்ஆர்ஐ அதை உறுதிப்படுத்தும். கூடவே மெனிஸ்கஸ் நிலையையும் காட்டும். தேனி மாவட்டத்தவருக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரை ரயிலில் எட்டும் தூரம்: அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த போடி ரயில் 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பரிசோதனையைத் தள்ளிப்போடத் தூரம் ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பிரேஸ் வந்த வழியும் வகைகளும்

தளர்ந்த முட்டியோடு விளையாட வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இன்றைய பிரேஸ் பிறந்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ நமத்தின் கெட்டுப்போன முழங்காலுக்காக நியூயார்க்கின் லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் ஒரு கருவி உருவாக்கப்பட்டது. முட்டி முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும் அந்த லெனாக்ஸ் ஹில் பிரேஸ்தான் பின்னால் வந்த பலவற்றுக்கு முன்னோடி. 1984-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் கழகம் பிரேஸ்களை மூன்றாக வகுத்தது: காயம் வராமல் தடுக்க நல்ல முட்டிக்கு அணிவது, அறுவைக்குப் பின் மூட்டைப் பாதுகாத்து மெல்ல அசைய விடுவது, தளர்ந்த முட்டிக்குப் பிடிமானம் தருவது. நமக்கு வேண்டியது மூன்றாவது வகை.

கடையில் கிடைப்பவற்றை ஓட்டுநரின் பார்வையில் நான்கு படிகளாக அடுக்கலாம்.

முதல் படி, எலாஸ்டிக் நீ கேப். சில நூறு ரூபாய். முட்டிக்குச் சூடும் லேசான அழுத்தமும் தருகிறது; மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைத் தோல் வழியே கொஞ்சம் கூட்டுகிறது. நழுவும் எலும்பைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்குக் கிடையாது.

இரண்டாம் படி, நீ கார்டு. பைக் உடுப்புக் கடைகளில் கிடைக்கும் கவசம் இது. ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் செய்கின்றன. இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருந்தால் அது மோதலைத் தாங்குவதற்கான சான்று. 50 ஜூல் ஆற்றலுடன் மோதும்போது உள்ளே கடத்தப்படும் விசை சராசரியாக முதல் நிலைக் கவசத்தில் 35 கிலோநியூட்டனையும், இரண்டாம் நிலைக் கவசத்தில் 20 கிலோநியூட்டனையும் தாண்டக் கூடாது. சில்லு உடையாமலும் தோல் உரியாமலும் காக்க இது அவசியம். ஆனால் இந்தக் குறி தசைநாரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கவசத்தை பிரேஸ் என்று நம்பி வாங்குவது பலருக்கு நேர்கிற ஏமாற்றம்.

மூன்றாம் படி, நியோப்ரீன் உறையில் இருபுறமும் உலோகக் கீலும் பட்டையும் தைத்த பிரேஸ். டைனார், விஸ்கோ, ஃபிளமிங்கோ போன்ற நிறுவனங்களின் தயாரிப்புகள் மருந்துக் கடைகளிலும் எலும்பு உபகரணக் கடைகளிலும் கிடைக்கின்றன. பக்கவாட்டுத் தளர்ச்சிக்கும், குணமாகிவரும் எம்சிஎல்லுக்கும், தார் ரோட்டில் நிதானமாக ஓட்டவும் போதுமானது. துணியும் நுரையும் தசையோடு சேர்ந்து நகர்வதால் முறுக்கும் விசையின் முன் இவை தோற்றுவிடுகின்றன.

நான்காம் படி, கெட்டிச் சட்டம் வைத்த பிரேஸ். கார்பன், அலுமினியம் அல்லது நைலான் சட்டம் தொடையையும் கெண்டையையும் பிடிக்க, நடுவே கீல் இருக்கும். லியாட், பாட், மோபியஸ், ஆஸ்டெரிஸ்க், ஆல்பைன்ஸ்டார்ஸ், சிடிஐ ஆகியவை மோட்டோகிராஸ் ஓட்டுநர்களிடம் பெயர் பெற்றவை. டான்ஜாய் விளையாட்டு மருத்துவத்திலிருந்து வந்த பெயர். முன் சிலுவைத் தசைநார் இல்லாமல் சேற்றுச் சரிவில் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர் பார்க்க வேண்டிய படி இது.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன?

பிரேஸ் உண்மையில் காப்பாற்றுகிறதா என்பதில் மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. ஒவ்வொரு ஆய்வும் யாரை, எந்தச் சூழலில் பார்த்தது என்பதைக் கவனித்தால் முரண் கொஞ்சம் தெளிகிறது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1,396 மாணவர்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது பிரேஸ் அணிந்தவர்களுக்கு முழங்கால் காயம் குறைவாகவே ஏற்பட்டது. அங்கே முட்டிக்குப் பெரும் ஆபத்து பக்கவாட்டு மோதல். 2004-ல் வெளியான இன்னொரு ஆய்வு, ஏசிஎல் அறுவை செய்துகொண்ட 100 ராணுவக் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்தது. பிரேஸ் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இரண்டாண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புதிய தசைநார் வைத்து, நல்ல பயிற்சியும் பெற்ற இளைஞர்கள் அவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2006-ல் பனிச்சறுக்கு விடுதி ஊழியர்களிடையே நடந்த ஆய்வு வேறு முடிவைத் தந்தது. ஏசிஎல் அறுவைக்குப் பின் பிரேஸ் இல்லாமல் சறுக்கியவர்கள் மீண்டும் காயப்படும் வாய்ப்பு, பிரேஸ் அணிந்தவர்களைப் போல 2.7 மடங்கு இருந்தது. காலில் கெட்டியான பூட், அடியில் வழுக்கும் பரப்பு, முறுக்கும் விசை: பனிச்சறுக்கின் இந்த நிலைமை டர்ட் பைக்குக்கு மிக நெருக்கமானது.

நம் கேள்விக்கு நேராகப் பதில் தேடிய ஆய்வு 2011-ல் வெளியானது. கரடுமுரட்டுத் தடத்தில் ஓட்டும் 2,115 பேர், 57,000 மணி நேரத்துக்கு மேலான ஓட்டம். பிரேஸ் அணியாதவர்களின் முழங்கால் காய விகிதம், அணிந்தவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இது பெரிய செய்தி. ஆனால் ஓட்டுநர்கள் தாமே இணையம் வழியே தந்த தகவல் இது. பிரேஸ் வாங்குகிறவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கூடங்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏசிஎல் மீதே உணர்கருவி பொருத்தி அளந்தார்கள். விசை குறைவாக இருக்கும்வரை பிரேஸ் தசைநாரின் சுமையைக் குறைத்தது. விசை ஏற ஏற அந்தக் காப்பு தேய்ந்துபோனது. அதாவது மெதுவாகச் சாய்ந்து காலை ஊன்றும்போது பிரேஸ் உதவும். வேகத்தில் தூக்கி எறியப்படும்போது அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஏலமலைத் தடங்களில் வேகம் குறைவு, சாய்தலும் ஊன்றுதலும் அதிகம். பிரேஸ் தன்னால் முடிந்ததைச் செய்யக்கூடிய களம் இது என்பது என் முடிவு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பிரேஸின் உயிர் அதன் கீலில் இருக்கிறது. முழங்கால் கதவுக் கீல் போல ஒரே அச்சில் திறந்து மூடுவதில்லை. மடங்கும்போது தொடை எலும்பு உருண்டும் வழுக்கியும் பின்னே நகர்கிறது. ஒற்றை அச்சுக் கீல் இந்த நகர்வோடு ஒத்துப்போகாமல் பிரேஸைக் கீழே தள்ளும். பற்சக்கரம் வைத்த இரட்டை அச்சுக் கீல் ஓரளவு ஒத்துப்போகும். நியூசிலாந்தின் பாட் நிறுவனம் உலோகக் கீலுக்குப் பதில் செயற்கைத் தசைநார் வைத்து வேறு வழியில் முயன்றிருக்கிறது.

அடுத்தது, நீட்சியைத் தடுக்கும் கட்டை. கீலுக்குள் சிறு துண்டுகளை மாற்றி, முட்டி எத்தனை டிகிரிக்கு மேல் நேராகாமல் நிறுத்துவது என்று அமைக்கலாம். ஏசிஎல் தளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 10 டிகிரிக் கட்டை வைக்கிறார்கள். பள்ளப் பக்கம் கால் நீளும்போது முட்டி முழுதும் நேராகாமல் காப்பது இதுதான். எத்தனை டிகிரி என்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும்.

மூன்றாவது, அளவு. சட்டை வாங்குவதுபோல் மீடியம், லார்ஜ் என்று ஊகித்து வாங்கக் கூடாது. நின்றபடி முட்டியை லேசாக மடக்கி, சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து 15 சென்டிமீட்டர் மேலே ஒரு கோடு, 15 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு. தையல் டேப்பால் இரு கோடுகளிலும் சுற்றளவு எடுங்கள். முட்டியின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் அளவுப் பட்டியல் வேறு தூரம் கேட்டால் அதன்படி எடுங்கள். இதை இரண்டு கால்களிலும் செய்தால் ஓர் உண்மை தெரியவரும்: காயப்பட்ட காலின் தொடை மெலிந்திருக்கும். பயிற்சியால் அந்தத் தசை திரும்பியதும் அளவு மாறும். வீக்கம் இருக்கும்போதும், அறுவைக்குப் பிறகான முதல் மாதங்களிலும் விலையுயர்ந்த பிரேஸுக்கு அளவு கொடுப்பது பணத்தை வீணாக்கும். அச்செடுத்துச் செய்யும் பிரேஸுக்கு இது இன்னும் பொருந்தும். அளவுக்கேற்ற ஆயத்த பிரேஸ் பெரும்பாலானோருக்குப் போதும். தொடையும் கெண்டையும் வழக்கத்துக்கு மாறான வடிவில் இருப்பவர்களே அச்சு பிரேஸைத் தேட வேண்டும்.

நான்காவது, பூட்ஸோடும் கால்சட்டையோடும் அது ஒத்துப்போவது. பிரேஸின் கீழ்ப்பகுதி பூட்டின் மேல் விளிம்பில் இடித்தால் ஒவ்வொரு மடக்கலிலும் மேலே தள்ளப்படும். தோட்டங்களில் பலர் அணியும் கம்பூட்ஸின் விளிம்பு கெண்டையின் நடுவே வந்து பிரேஸின் கீழ்ப்பட்டையை அழுத்தும். பூட்டை எடுத்துக்கொண்டு போய், பிரேஸோடு சேர்த்து அணிந்து, உட்கார்ந்தும் நின்றும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தடித்த ஜீன்ஸுக்கு மேல் பிரேஸ் மாட்டினால் துணியோடு சேர்ந்து அதுவும் சுழலும். மெல்லிய உள்ளுறை, அதன் மேல் பிரேஸ், அதற்கு வெளியே தொளதொளத்த கால்சட்டை என்பதே சரியான அடுக்கு.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். உட்கார்ந்து முட்டியை மடக்கி, கீலின் நடு சில்லின் நடுவுக்கு நேராக, பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி அமையும்படி வையுங்கள். பல பிரேஸ்களில் முட்டிக்குக் கீழே, கெண்டைச் சதைக்கு மேலே வரும் பட்டையை முதலில் இறுக்குவார்கள். பிரேஸ் கீழிறங்காமல் பிடிப்பது அதுதான். பிறகு மற்ற கீழ்ப்பட்டை, கடைசியாகத் தொடைப் பட்டைகள். தயாரிப்பாளர் சொல்லும் வரிசை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கால் மணி நேரம் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். கீல் இரண்டு விரல் அளவு கீழிறங்கிவிட்டால் அந்த பிரேஸ் காக்கும் இடத்தில் இல்லை.

மலைக்கே உரிய சில நிபந்தனைகள்

அடிவாரத்தில் வெயில், மேலே மூடுபனி. போடியில் மாட்டிய பிரேஸுக்குள் முந்தல் வருவதற்குள் வியர்வை ஊறிவிடும். மேலே போனதும் அந்த ஈரம் காயாது. ஈரமான நியோப்ரீன் தோலை உரிக்கும், படையையும் கொண்டுவரும். அன்றாடம் மலையேறுபவர் உள்ளுறையில் இரண்டு மூன்று சோடி வைத்துக்கொண்டு தினமும் மாற்ற வேண்டும். மழை மாதங்களில் அட்டை ஏறும் தோட்டங்களில், பிரேஸைக் கழற்றியதும் மடிப்புகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சேறு புகுந்த கீல் கறகறக்கும். தண்ணீரால் கழுவி உலர்த்தி, திருகுகளைச் சரிபார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயை இடலாம். விழுந்த பிறகு சட்டத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். விரிந்த கார்பன் சட்டத்தை ஒட்டி மறுபடி அணியக் கூடாது.

வண்டியையும் மாற்றி யோசிக்கலாம். தோட்டங்களில் இன்னும் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் எடை 90 கிலோவுக்குள்தான், சீட் தாழ்வு, இரு கால்களும் தரையில் பாவும். கிளட்ச் பிடிக்கவும் வேண்டாம், கியர் மாற்றவும் வேண்டாம். தளர்ந்த முட்டிக்கு உயரமான ஆஃப்ரோடு வண்டியோடு விலையுயர்ந்த பிரேஸ் சேர்வதைவிட, தாழ்ந்த வண்டியோடு நடுத்தர பிரேஸ் சேர்வது பல நேரங்களில் பாதுகாப்பானது. உயர வண்டியே வேண்டும் என்பவர் சீட்டின் நுரையைக் குறைத்தோ சஸ்பென்ஷனைத் தாழ்த்தியோ பாதம் முழுதும் பதியும்படி செய்துகொள்ளலாம்.

ஒன்றா, இரண்டா என்ற கேள்வியும் எழும். இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐயின் கீழ் நடக்கும் சூப்பர்கிராஸ் போன்ற பந்தயங்களில் ஓட்டுபவர் பிரேஸை இரு கால்களுக்கும் யோசிப்பது, வேகத்திலும் தாவலிலும் எந்த முட்டியும் தப்பாது என்பதால். நமக்கோ ஒரு முட்டி ஏற்கெனவே கெட்டிருக்கிறது. பணம் இருந்தால் ஜோடி வாங்குங்கள். இல்லையென்றால் தளர்ந்த முட்டிக்கு நல்ல பிரேஸ் ஒன்றும், மற்றதற்குத் தரக்குறி பெற்ற நீ கார்டும் போதும். மலிவான ஜோடியைவிட இது மேல்.

தசையே முதல் பிரேஸ்

ஸ்வீடனில் ஏசிஎல் கிழிந்த 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும் பயிற்சியும்; இன்னொரு பிரிவினருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் முட்டி நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை அறுவையே செய்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் கத்தி வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. முறையான பயிற்சியின் வலு எவ்வளவு என்பதையே இது காட்டுகிறது. முன் தொடை, பின் தொடை, இடுப்புப் பக்கத் தசைகள் மூன்றும் சேர்ந்துதான் நழுவும் எலும்பைப் பிடிக்கின்றன. கால் வைக்கும் பெக்குகளில் நின்று முட்டியால் டேங்கை அணைத்து ஓட்டும் நிலைக்கும் இதே தசைகள்தான் வேண்டும்.

அறுவை செய்துகொண்டவர் அவசரப்படக் கூடாது. நார்வேயில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காயப்பட்ட காலின் வலு மற்ற காலின் வலுவில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும், ஒற்றைக் காலில் குதிக்கும் சோதனைகளிலும் அதே அளவு வேண்டும் என்பது அங்கே வைத்த தகுதி. பிசியோதெரபிஸ்டிடம் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். குதிக்கும் சோதனைகளுக்குப் பெரிய கருவி தேவையில்லை. பிரேஸ் வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் நான்காம் மாதமே மலையேறுவதை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

முடிவாக

ஆய்வுகளையும் சரிவையும் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். பக்கவாட்டுத் தசைநார் மட்டும் தளர்ந்து, தார் ரோட்டிலும் நல்ல ஜீப் ரோட்டிலும் ஓட்டுபவருக்கு உள்நாட்டுக் கீல் பிரேஸ் போதும். ஏசிஎல் இல்லாமல் தோட்டத் தடத்தில் ஓட்டியே ஆக வேண்டியவருக்கு நீட்சிக் கட்டையும் இரட்டை அச்சுக் கீலும் கொண்ட கெட்டிச் சட்ட பிரேஸ் வேண்டும்; அதற்குமுன் மூன்று மாதமாவது முறையான பயிற்சி வேண்டும். பிசிஎல், சில்லு, மெனிஸ்கஸ் சிக்கல் உள்ளவர் மருத்துவர் எழுதித் தராமல் எந்த பிரேஸையும் வாங்கக் கூடாது. சமதரையில் நடக்கும்போதே முட்டி நழுவினால், பூட்டிக்கொண்டால், மாலையில் வீங்கினால் வண்டி ஓட்டவே கூடாது.

கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் பரிசோதனைக்கு, அடுத்து பிசியோதெரபிக்கு, பிறகு வண்டியின் உயரத்தைச் சரிசெய்ய, கடைசியில் பிரேஸுக்கு. தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலைக்காக மலையேறும் கணக்குப்பிள்ளையின் முட்டி கெட்டால் அவர் குடும்பத்தின் வருமானமே நின்றுபோகும். அவருடைய சிகிச்சைச் செலவையும் பிரேஸின் விலையையும் தோட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.